நஞ்சைப் பிடித்த மண்ணில் சுவர் எழுப்பலாமா?

கழிவுநீரைத் தூய்மை செய்த பின்னரே ஆற்றிலும் நிலத்திலும் விடவேண்டும் என்பதை இன்று எவருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. நொய்யல் ஆறு பட்ட பாட்டை நாம் அனைவரும் அறிவோம். 1992-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்திற்குப் பயன்படாமல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் தேங்கும் இடமாயிற்று. 2011-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், சாயப்பட்டறைகளையும் அவற்றின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அதன் பின்னர், கழிவுநீரை வெளியே விடாமல் மீண்டும் பயன்படுத்தும் முறையைக் கைக்கொண்ட பட்டறைகளே இயங்க இசைவு பெற்றன.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. நீரிலிருந்து நீங்கிய சாயமும் நஞ்சும் எங்கே போயின? அவை மறைந்துவிடவில்லை. கரியிலும், மண்ணிலும், சேற்றிலும் ஒட்டிக்கொண்டு, சுத்திகரிப்பு நிலையங்களின் முற்றத்தில் குவிந்து கிடக்கின்றன. அக்குவியல் என்றேனும் ஒருநாள் ஏதோ ஓர் ஊரை நோக்கிப் புறப்படும்.

சில ஆண்டுகளுக்கு முன், எமது ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு பஞ்சாயத்தின் தலைவியார் அலுவலகத்திற்கு வந்து, காகிதப் பொட்டலம் ஒன்றை என் மேசைமீது பிரித்து வைத்தார். துருப்பிடித்த நிறத்தில் ஈரமான மண் அதில் இருந்தது. அவர்கள் ஊரின் மயானப் பாதையில் பெரும் பள்ளம் விழுந்து, மழைக் காலத்தில் பாடையைத் தூக்கிச் செல்வோர் முழங்கால் அளவு நீரில் இறங்க வேண்டியிருந்தது. தரகர் ஒருவர் வந்து, பள்ளத்தை நிரப்பப் பத்து லாரி மண் இலவசமாகத் தருவதாகவும், அதே மண் கலந்து அறுத்த செங்கல்லைப் பாதி விலைக்குத் தருவதாகவும் கூறியிருந்தார். “ஐயா, இது மண்தானா?” என்று தலைவியார் கேட்டார். அவர் கேட்ட அக்கேள்விக்கு விடையாகவே இக்கட்டுரை எழுதப்பெறுகிறது.

பிடித்து வைக்கும் பொருள்கள்

நீரில் கரைந்துள்ள நஞ்சைத் துணியால் வடிகட்ட இயலாது. அதனைத் தன் மேற்பரப்பில் ஒட்டவைத்துக்கொள்ளும் பொருள் ஒன்று வேண்டும். இத்தகைய பொருளை இக்கட்டுரையில் ‘பற்றுப்பொருள்’ என்று குறிப்பிடுவோம். கொட்டாங்கச்சியைச் சுட்டு, நீராவியால் பதப்படுத்திச் செய்யும் கரி இவற்றுள் சிறந்தது. இக்கரியின் உள்ளே கண்ணுக்குப் புலப்படாத துளைகள் எண்ணற்றவை உள்ளன. அத்துளைகளின் சுவர்களை எல்லாம் விரித்துப் பரப்ப இயலுமாயின், நல்ல கரி ஒரு கிராமில் ஏறத்தாழ ஆயிரம் சதுர மீட்டர் பரப்புக் கிடைக்கும். நம் கணக்கில் கூறுவதாயின், ஒரு சிட்டிகைக் கரிக்குள் 25 சென்ட் நிலம் மடிந்து கிடக்கிறது. சாயத் துகள்கள் அந்நிலத்தில்தான் குடியேறுகின்றன.

அனல் மின்நிலையச் சாம்பல், உமிச் சாம்பல், செம்புறைக் கல் தூள், பதப்படுத்திய அலுமினா ஆகியனவும் பற்றுப்பொருள்களே. சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுநீருடன் சுண்ணாம்பையும் இரும்பு உப்பையும் கலக்கும்போது, துருநிறத்தில் பஞ்சு போன்ற வீழ்படிவு உண்டாகிச் சாயத்தைப் பற்றிக்கொண்டு அடியில் தங்குகிறது. தலைவியார் கொண்டுவந்த மண் இவ்வகைச் சேற்றை உலர்த்தியதாகவே எனக்குத் தோன்றிற்று.

எந்த நிலத்திலும் குடியேற்றத்திற்கு ஓர் எல்லை உண்டு. இடம் நிறைந்தபின் பற்றுப்பொருள் மேலும் நஞ்சை ஏற்பதில்லை. விலையுயர்ந்த கரியையும் அலுமினாவையும் சிலமுறை புதுப்பித்துப் பயன்படுத்தலாம். இறுதியில் அவையும் கழிவாகின்றன.

கொட்டினால் வரும் கேடு

ஓய்ந்த பற்றுப்பொருளில் நஞ்சு சிறைப்பட்டிருக்கிறதேயன்றி அழிந்துவிடவில்லை. சிறைக்கதவு திறப்பதற்குரிய நிலைமை வாய்த்தால் அது வெளியேறும். மேற்கு வங்காளத்தில் நிலத்தடி நீரில் ஆர்செனிக் என்னும் நஞ்சு மிகுந்த ஊர்களில், கைப்பம்புகளுடன் பற்றுப்பொருள் நிரப்பிய வடிகலன்கள் பொருத்தப்பெற்றன. அப்பொருளைப் புதுப்பிக்கும்போது ஆர்செனிக் கலந்த இரும்புச் சேறு கிடைத்தது. அதனைக் குழியில் புதைத்து மூடாமல், காற்றோட்டமுள்ள மணற்படுகையின்மீது சேமித்து வைக்கும் முறையை அங்குப் பணியாற்றிய பொறியாளர்கள் கையாண்டனர். காரணம் யாதெனில், காற்றுப் புகாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் இரும்புத் துருவைக் கரைத்துவிடுகின்றன. துரு கரையும்போது அது பிடித்திருந்த ஆர்செனிக்கும் நீரில் கலந்துவிடுகிறது.

நம் ஊர்களுக்கு இதில் பெரிய பாடம் உண்டு. குளத்தின் அடிச்சேறும், எருக்குழியும், குப்பைக்குழியும் காற்றுப் புகாத இடங்களே. பள்ளத்தில் கொட்டி மூடிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று எண்ணுவது, சிறைக்கதவை நாமே திறந்துவிடுவதற்கு ஒப்பாகும்.

நெருப்பும் சுண்ணாம்பும்

கொட்டுவதற்கு மாற்றாகக் கட்டடப் பொருளில் சேர்க்கும் முறை பல நாடுகளில் ஆராயப்பட்டு வருகிறது. இம்முறையில் நன்மை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. செங்கல் சூளைகள் விளைநிலத்தின் மேல்மண்ணையும் ஏரி வண்டலையும் உண்டு வளர்கின்றன. ஆயிரம் செங்கல்லுக்கு ஏறத்தாழ 3 டன் மண் செலவாகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு கழிவால் ஈடாகுமாயின், ஆயிரம் கல்லுக்கு 300 கிலோ மண் மிஞ்சும்.

நஞ்சைக் கல்லுக்குள் கட்டிவைக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று நெருப்பு. செங்கல் சூளையின் வெப்பத்தில் சாயம் போன்ற கரிமப் பொருள்கள் எரிந்துபோகின்றன. உலோகங்களில் சில, உருகி இறுகும் மண்ணுக்குள் சிக்கிக்கொள்கின்றன. சிமெண்டு ஆலையின் உலையில் வெப்பம் 1,400 டிகிரியைத் தாண்டுவதால் சாயம் முற்றிலும் அழிகிறது. எஞ்சும் சுண்ணாம்பும் இரும்பும் சிமெண்டின் உறுப்பாகிவிடுகின்றன. சாயக் கழிவுச் சேற்றைச் சிமெண்டு ஆலைகளுக்கு அனுப்பும் வழக்கம் இக்காரணம் பற்றியே ஏற்பட்டது.

மற்றொன்று சுண்ணாம்பு. சிமெண்டிலுள்ள சுண்ணாம்பின் காரத்தன்மையால் பல உலோகங்கள் கரையாத வடிவம் பெறுகின்றன. சிமெண்டு இறுகும்போது அவை கல்லின் உள்ளே அடைபடுகின்றன. ஹாலோ பிளாக், பேவர் பிளாக் ஆகியவற்றில் கழிவைச் சேர்ப்பது இம்முறையைச் சார்ந்தது.

எந்த நஞ்சுக்கு எந்த வழி?

எல்லா நஞ்சுக்கும் ஒரே மருந்து இல்லை. தவறான வழியைத் தேர்ந்தால் நன்மைக்குப் பதிலாகக் கேடு விளையும்.

சாயம் கலந்த கழிவுக்கு நெருப்பே ஏற்றது. சிமெண்டுடன் நேரே கலந்தால் கரிமப் பொருள்கள் சிமெண்டு இறுகுவதைத் தாமதப்படுத்தும். சாயத்தொழிலில் மிகுதியாகப் பயன்படும் உப்பும் கழிவுடன் சேர்ந்து வரும். அவ்வுப்பு, கம்பி வைத்த காங்கிரீட்டில் கம்பியை அரித்துவிடும்.

தோல் பதனிடும் தொழிலிலிருந்து வரும் குரோமியக் கழிவின் இயல்பு இதற்கு மாறானது. தோலில் பயன்படும் குரோமியம் ஒப்பளவில் கேடு குறைந்த வடிவமுடையது. அதனைச் சுண்ணாம்பு கலந்த மண்ணுடன் காற்றோட்டமுள்ள சூளையில் சுட்டால், அதில் ஒரு பகுதி நீரில் எளிதிற் கரைவதும் புற்றுநோய் விளைவிப்பதுமான வேறொரு வடிவத்தை அடைகிறது. அவ்வடிவக் குரோமியம் என்ன செய்யும் என்பதற்கு, இராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுச்சென்ற இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவுக் குவியலும், அதனைச் சுற்றி மஞ்சள் நிறமாக மாறிய நீருமே சான்று. ஆகவே, தோல் தொழிற்சாலைச் சேற்றை நாட்டுச் சூளையில் சுடுவதற்கு எக்காரணம் கொண்டும் இடம் தரலாகாது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரிலுள்ள ஃபுளோரைடு பல தலைமுறைகளின் பற்களையும் எலும்புகளையும் கெடுத்தது. 2013-ஆம் ஆண்டில் தொடங்கிவைக்கப்பெற்ற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்குரிய பெருந்தீர்வாகும். ஃபுளோரைடு மிகுந்த நீரைச் சுத்தம் செய்யும் இடங்களில் ஓய்ந்த அலுமினாவைச் சூளையில் இட்டால், ஃபுளோரின் புகையாக வெளியேறி மா போன்ற மரங்களின் இலைகளைக் கருக்கும். சிமெண்டில் சேர்த்தால் சுண்ணாம்புடன் இணைந்து பெரும்பாலும் அடங்கிவிடும். அவ்வாறு இணைந்த பொருளும் சிறிதளவு கரையக்கூடியதே. தூய நீரில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஃபுளோரைடைத் தரும். குடிநீரில் அனுமதிக்கப்படும் பேரளவோ 1.5 மில்லிகிராம்தான். எனவே குடிநீருக்கு அருகில் அதற்கு வேலையில்லை.

ஆர்செனிக் சூளையில் ஓரளவு ஆவியாகிப் புகையுடன் போய்விடும். சிமெண்டில் அது சுண்ணாம்புடன் சேர்ந்து நிற்கும். எனினும், காற்றிலுள்ள கரியமிலவாயு நாளடைவில் சுண்ணாம்பின் காரத்தைக் குறைப்பதால் பிடி தளர்வதற்கு இடமுண்டு. ஆகவே இதனை வல்லுநரிடமே விட்டுவிட வேண்டும்.

வீட்டுச் சமையலறை, குளியலறைக் கழிவுநீர் மட்டும் வரும் பஞ்சாயத்து வடிகட்டித் தொட்டிகளைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. அவற்றிலுள்ள கரியும் உடைகல்லும் நிறைந்தபின் வெயிலில் நன்கு உலர்த்தி மக்கு உரக்குழியிலும் மரக்கன்றுக் குழியிலும் இடலாம். சோப்புத் தூளிலிருந்து வரும் பாஸ்பரஸ் அதில் தங்கியிருப்பின், பயிருக்கு உணவாகும் அப்பொருளைச் சுவரில் புதைப்பதைவிட மண்ணில் சேர்ப்பதே மேல். அம்மணலைப் பூச்சு வேலைக்கு எடுக்கலாகாது. எண்ணெய்ப் பிசுக்கு இருப்பதால் பூச்சு பிடிக்காது.

நான் கற்ற பாடம்

பிறருக்கு அறிவுரை கூறுமுன் என் தவற்றையும் கூறிவிடுதல் முறை. வேறோர் ஒன்றியத்தில் நான் பணியாற்றியபோது, சாயக் கழிவுச் சேறு கலந்து சுட்ட செங்கல் ஒரு பள்ளியின் சுற்றுச்சுவருக்கு மலிவாகக் கிடைத்தது. கல்லின் வலிமைச் சோதனை நிறைவாக இருந்தது. வேறு எதையும் நான் கேட்கவில்லை, இசைவளித்துக் கையொப்பமிட்டேன்.

இரண்டு மழைக் காலம் கடந்ததும் சுவரெங்கும் வெள்ளையாக உப்புப் பூத்தது. பூச்சு பொரிந்து விழுந்தது. பிள்ளைகள் அந்த வெள்ளைப் பொடியை விரலால் சுரண்டி விளையாடுவதைத் தலைமையாசிரியர் கண்டு எனக்கு எழுதினார். சுவரை இடித்தோம். அதன் பின்னரே உண்மையான இடர் தொடங்கிற்று. இடித்த கல்லை எங்கே போடுவது? வீட்டு அடித்தளத்தில் நிரப்ப ஊரார் கேட்டனர். தர இயலவில்லை. தார்ப்பாய் போட்டு மூடி அலுவலக வளாகத்தில் பல மாதங்கள் காத்திருந்து, இறுதியில் முறையான புதைகுழிக்கு அனுப்பினோம். மலிவான கல்லால் மிச்சமானதாக எண்ணிய தொகையைவிட அனுப்பிய செலவு மிகுதியாயிற்று.

ஒரு கட்டடம் என்றேனும் இடிந்தே தீரும். நஞ்சு கலந்த கல், முழுக்கல்லாக இருக்கும்போது காப்பாக இருந்தாலும், உடைந்து தூளாகும்போது மீண்டும் மண்ணுக்கும் நீருக்கும் முகம் காட்டும். இதனை அன்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

பஞ்சாயத்து கேட்க வேண்டியவை

கழிவு கலந்த கல்லையோ மண்ணையோ எவரேனும் கொண்டுவந்தால், பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கீழ்க்கண்டவற்றைக் கேட்டறிதல் வேண்டும்.

முதலாவதாக, இது எந்தத் தொழிலின் கழிவு, எந்த நஞ்சைப் பிடித்தது என்பதை எழுத்து மூலம் பெறுக. “சும்மா மண்தான்” என்பது விடையாகாது.

இரண்டாவதாக, இசைவு ஆணையைக் காட்டச் சொல்லுக. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகளின் பட்டியலில், தொழிற்சாலைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும்போது கிடைக்கும் இரசாயனச் சேறு இடம்பெற்றுள்ளது. அத்தகைய கழிவை வேறொரு பொருள் செய்யப் பயன்படுத்துவோர் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவைப் பெற்றிருக்க வேண்டும். கழிவை ஏற்றிவரும் லாரியில் 10-ஆம் எண் படிவம் இருத்தல் வேண்டும். அது இல்லாத லாரியை ஊருக்குள் விடாதீர்.

மூன்றாவதாக, கசிவுச் சோதனையின் முடிவைக் கேளுங்கள். இச்சோதனையில் பொருளைச் சிறு துண்டுகளாக உடைத்து, எடையைப் போல் 20 மடங்கு புளிப்பேற்றிய நீரில் ஏறத்தாழ 18 மணி நேரம் சுழற்றி, நீரில் இறங்கிய நஞ்சை அளப்பர். ஆர்செனிக் லிட்டருக்கு 5 மில்லிகிராமை எட்டினால் அது அபாயகரக் கழிவு எனக் கொள்ளப்படும். இங்கு ஒன்றைக் கவனித்தல் நன்று. குடிநீரில் ஆர்செனிக்குக்கு உரிய எல்லை 0.01 மில்லிகிராம். அதாவது, அச்சோதனையின் எல்லை குடிநீர் எல்லையைப் போல் 500 மடங்கு. “சோதனையில் தேறிவிட்டது” என்ற சான்றிதழ், அக்கல்லைக் கிணற்றுச் சுவருக்கு வைக்கலாம் என்பதற்குச் சான்றாகாது.

நான்காவதாக, எவ்வளவு கலக்கப்பட்டது என்று கேளுங்கள். நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேற்பட்டால் கல் வலிமை குன்றக் காண்கிறோம்.

ஐந்தாவதாக, இரண்டு சோதனைகளை ஊரிலேயே செய்து பார்க்கலாம். நன்கு உலர்ந்த கல்லை எடைபோட்டு, 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து மீண்டும் எடைபோடுக. சாதாரணச் செங்கல் தன் எடையில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் நீர் குடிக்கலாகாது. 3 கிலோக் கல்லாயின் 600 கிராமுக்கு மேற்படலாகாது. பின்னர் வேறொரு கல்லை ஓர் அங்குல ஆழம் மழைநீர் உள்ள தட்டில் நிறுத்தி, நீர் முழுதும் வற்றியபின் இன்னொரு முறை நீர் ஊற்றி வற்ற விடுக. கல்லின்மீது வெள்ளை பூத்தால் உப்பு உள்ளது என்று அறியலாம். பாதிக்கு மேல் பூத்த கல்லை ஏற்கக்கூடாது. இவ்விரு சோதனைகளும் கல்லின் தரத்தையும் உப்பையும் காட்டுமேயன்றி நஞ்சைக் காட்டா. நஞ்சுக்கு ஆய்வுக்கூடமே துணை.

எல்லாச் சோதனையிலும் தேறிய கல்லையும் வைக்கும் இடம் அறிந்து வைத்தல் வேண்டும். நடைபாதை ஓரக்கல், மேடான இடத்துச் சுற்றுச்சுவர் ஆகியவற்றிற்குக் கொள்ளலாம். கிணறு, குடிநீர்த் தொட்டி, தானியக் குதிர், மாட்டுத் தீவனத் தொட்டி, பள்ளிக்கூடம், அங்கன்வாடி ஆகியவற்றிற்குக் கூடாது. எங்கே, எந்த ஆண்டில், எவ்வளவு வைக்கப்பட்டது என்பதைப் பஞ்சாயத்துச் சொத்துப் பதிவேட்டில் எழுதிவைப்பது மிக இன்றியமையாதது. முப்பது ஆண்டு கழித்து அதனை இடிக்கப்போகிறவருக்கு அந்த ஒரு வரியே வழிகாட்டும்.

முடிவாக

மயானப் பாதைக்கு மண் தருவதாகச் சொன்ன தரகரிடம் தலைவியார் இசைவு ஆணையைக் கேட்டார். நாளை கொண்டுவருவதாகக் கூறிச் சென்றவர் மீண்டும் வரவில்லை. பஞ்சாயத்து நிதியிலிருந்து கிராவல் மண் அடித்துப் பள்ளத்தை மூட மேலும் ஓராண்டு ஆயிற்று. இடையில் ஒரு மழைக் காலம் வந்தது. இலவசமாக வந்ததைத் தடுத்துவிட்டார் என்று ஊரார் சிலர் தலைவியாரைக் கடிந்துகொண்டதையும் நான் அறிவேன். பாதைக்கு இருநூறு அடி தொலைவில் ஊரின் குடிநீர்க் கிணறு இருப்பதை அவர் மறக்கவில்லை.

கழிவைக் கட்டடப் பொருளாக்கும் அறிவு வளர்ந்து வருகிறது. அதனை வெறுத்து ஒதுக்குவது அறிவுடைமை ஆகாது. எந்த நஞ்சு, எந்தப் பிடி, எந்த இடம் என்ற மூன்றையும் கேட்டறிந்து ஏற்பவருக்கு அது நன்மை தரும். கேளாமல் ஏற்பவர், ஆற்றிலிருந்து மிகுந்த பொருட்செலவில் எடுத்த நஞ்சைத் தம் ஊர்க் கிணற்றுக்குத் தாமே கொண்டுவந்து சேர்த்தவர் ஆவர். அடுத்த கிராம சபையில் இக்கேள்விகளை ஒருமுறை படித்துக் காட்டுமாறு பஞ்சாயத்துப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறேன்.